பல் முளைத்த பிறகு பிள்ளை பார்க்க வந்தவர்கள்

தேர்தல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைமாருக்கு,

பயிற்சி நாளில் வந்து பேசும்படி கேட்டிருந்தீர்கள். வரமுடியாது என்று நான் சொன்னதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேடையில் நின்றால் சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிடுவேன். மீதி, வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போதுதான் ஞாபகம் வரும். எழுதினால் அழித்துத் திருத்தலாம். இதையும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். நான் இந்த வேலையை விட்டுவிட்டவள் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

செலவு விபரம் எப்படி எழுதுவது, எந்தப் பற்றுச்சீட்டை எங்கே வைப்பது என்பதையெல்லாம் வேறு ஆட்கள் சொல்லித் தருவார்கள். அவர்கள் சொல்லாமல் விடக்கூடிய ஒன்று இருக்கிறது. எதிர்க்கட்சிக்காரர் உங்களை ஏசுவார்கள், ஏசிவிட்டுப் போய்விடுவார்கள். சொந்தக் கட்சிக்காரர் உங்கள் வீட்டுக்கு வருவார்கள். உம்மாவிடம் சுகம் விசாரிப்பார்கள். தேநீர் குடிப்பார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் கஷ்டமான வேலை.

எங்கள் கரையோரத்தில் அந்தப் பொதுத் தேர்தலில் எங்கள் கட்சிக்கு மூன்று வேட்பாளர்கள். கல்முனையில் ஒருவர், எல்லோரும் இஞ்சினியர் என்போம். சாய்ந்தமருதில் ஒருவர், வியாபாரி, ஹாஜியார். மூன்றாவது, பாலமுனையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். மாஸ்டர் என்றால் அந்தப் பக்கம் குழந்தைக்கும் தெரியும். வாக்குச்சீட்டில் கட்சிக்குப் புள்ளடி போட்டுவிட்டு, அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் மூன்று பேரின் விருப்பு இலக்கங்கள் வரை அடையாளமிடலாம் என்பது உங்களுக்குத் தெரியும். கிடைத்தால் ஒரு ஆசனம்தான் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த ஒன்றுக்கு யார் போவது என்பதை விருப்பு வாக்குதான் தீர்மானிக்கும். அதனால் மேடையில் மூன்று பேரும் கைகோத்து நிற்பார்கள். மேடையை விட்டு இறங்கியதும் இஞ்சினியரின் சுவரொட்டிக்கு மேல் ஹாஜியாரின் சுவரொட்டி ஒட்டப்படும். விடிந்தால் அதற்கு மேல் மறுபடி இஞ்சினியர் சிரித்துக்கொண்டிருப்பார்.

கொழும்பில் தொழில் செய்யும் எங்கள் பகுதிக்காரர் ஒருவர் கட்சிக்குப் பெரிய தொகை ஒன்று கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு வார்த்தையும் சொன்னார். இது மூன்று பேருக்கும் பொதுவான பிரசாரத்துக்கு. கூட்டு மேடை, மூன்று இலக்கமும் போட்ட துண்டுப்பிரசுரம், ஒலிபெருக்கி, அவ்வளவுதான். மூன்று பேரும் சம்மதித்தால் மட்டும் எடுக்க வேண்டும். இது அமானிதம், உங்களை நம்பி ஒப்படைப்பது என்றார். அமானிதம் என்று சொல்லிவிட்டால் நம்மவர்கள் யாருக்கும் கை கொஞ்சம் நடுங்கும். அதை யாரிடம் கொடுத்து வைப்பது என்று கேள்வி வந்தபோது, மூன்று பேரில் எவரும் மற்றவரை நம்பவில்லை. அப்போது கட்சியின் மாவட்டச் செயலாளர் என் பெயரைச் சொன்னார். நான் பட்டம் முடித்து, வேலை கிடைக்காமல், கட்சிக் காரியாலயத்தில் சிறு கொடுப்பனவுக்கு எழுத்து வேலை செய்துகொண்டிருந்தேன். மகள் கைக்குழந்தை.

ஆட்சேபம் ஒன்றும் வரவில்லை. கணக்கு என் கையொப்பத்திலும் செயலாளரின் கையொப்பத்திலும் திறக்கப்பட்டது. என் நேர்மையை நம்பித்தான் தந்தார்கள் என்று நினைத்து, அன்று வீட்டுக்கு வந்து உம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர்கள் கணக்குப் போட்ட விதம் வேறு என்பது விளங்கக் கொஞ்ச நாள் எடுத்தது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பார். நான் சாய்ந்தமருது. உம்மா எனக்குத் தந்த வீட்டில், ஹாஜியாரின் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கிறேன். என் கணவர் இஞ்சினியரின் ஊர்ப் பக்கம், கல்முனைக்குடி. இஞ்சினியரின் குடும்பத்துக்குத் தூரத்துச் சொந்தம். ஆகவே ஹாஜியார், ‘நம்மட ஊட்டுப் புள்ள, நமக்கு மாறாப் போகமாட்டா’ என்று நினைத்தார். இஞ்சினியர், ‘நம்மட தம்பிட பொஞ்சாதி, அவன் செல்றதத்தான் கேப்பா’ என்று நினைத்தார். இரண்டு பேரும் தங்கள் ஆள் என்று நினைத்ததால்தான் அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தார்கள். தங்கைமாரே, உங்களை ஒரு பொறுப்புக்கு எல்லோரும் உடனே ஒத்துக்கொண்டால், சந்தோசப்படுவதற்கு முன் ஒவ்வொருவரும் ஏன் ஒத்துக்கொண்டார் என்று தனித்தனியாக யோசித்துப் பாருங்கள்.

முதலில் இஞ்சினியர் போன் எடுத்தார். கணவர் வழி உறவில் என்னை மச்சி என்றுதான் கூப்பிடுவார்.

“மச்சி, அந்தப் பொதுக் காசில ஒரு பகுதிய முந்தி எனக்குத் தாங்க. என்ட கடைசிக் கூட்டத்துக்குத்தான். மறுகா மத்தாக்களுக்குச் சமப்படுத்தலாம்.”

“மூணு பேரும் சம்மதிக்கணும் எண்டு செல்லித்தானே சேர் தந்த.”

“அது ஒரு பேச்சுக்குத்தானே. நம்மட தம்பி இப்ப எந்தப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கார்?”

என் கணவர் எங்கே படிப்பிக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பள்ளிக்கூடத்தின் பரிசளிப்பு விழாவில் பிரதம அதிதியாக வந்தவரே அவர்தான். ஆசிரியர் இடமாற்றம் எப்படியெல்லாம் வரும் என்பது எனக்கும் தெரியும். “பாப்பம் சேர்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் ஹாஜியார் வழியில் மறித்தார். அவர் கேட்டதும் அதேதான். அவருக்கும் “பாப்பம் மாமா” என்றேன்.

இந்தப் ‘பாப்பம்’ என்ற வார்த்தையை நீங்கள் விட்டுவிட வேண்டும். நமக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லப் பழக்கமில்லை. பெரியவர்களிடம் அறவே இல்லை. அதனால் பாப்பம் என்கிறோம். கேட்பவர் அதை ‘ஓம்’, சரி என்றுதான் எடுத்துக்கொண்டு போகிறார். இரண்டு நாள் போவதற்குள் இரண்டு பேரின் ஆட்களும், காசு தங்களுக்குத்தான் என்று ஊருக்குள் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். மாஸ்டர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவரிடம் சொந்தமாக ஒலிபெருக்கி கட்டக்கூட வசதியில்லை. பாலமுனையில் நடக்க இருந்த கூட்டு மேடைதான் அவருடைய முழுப் பிரசாரமும். காசை இரண்டு பேரில் ஒருவர் எடுத்தால் அந்த மேடை இல்லை. அவர் பட்டியலில் ஒரு பெயராக மட்டும் இருந்துவிட்டுப் போவார். அமானிதத்தை வாங்கித் தின்றவள் என்ற பெயர் எனக்கு வரும். அந்தப் பெயரோடு இந்த ஒழுங்கையில் பிள்ளை வளர்க்க முடியாது.

அந்தக் கிழமையில் ஒரு நாள், பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த நேரம், வீட்டு வாசலில் ஒரு வாகனம் நின்றது. இஞ்சினியரின் மனைவி கேக் பெட்டியோடு இறங்கினார்.

“புள்ளயப் பாக்க வந்த, மாமி” என்றார் உம்மாவிடம்.

பிள்ளை பார்க்க வருவதென்றால் நாற்பது நாளைக்குள் வருவார்கள். என் மகள் அப்போது கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே இரண்டு பல்லும் முளைத்திருந்தது.

“கோவிக்கப்படா மச்சி” என்றார் என்னிடம். “வரணும் வரணும் எண்டுதான் இரிந்த. இந்த எலக்சன் வேலையில எங்க நேரம்?”

“எலக்சன் வேலைக்கு நடுவிலதானே ராத்தா வந்திரிக்கீங்க.”

அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுபவரிடம் வாய் தவறி வந்துவிட்டது. உம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். இஞ்சினியரின் மனைவி நன்றாகவே சிரித்தார். “இவரும் செல்றார்தான், தம்பிட பொஞ்சாதிக்கு வாய் கொஞ்சம் நீளம் எண்டு.” சிரித்துக்கொண்டே கைப்பையைத் திறந்து ஒரு தங்க வளையலை எடுத்து மகளின் கையில் போட்டார். மகள் உடனே அதை வாய்க்குக் கொண்டுபோனாள்.

“ராத்தா, இதெல்லாம் என்னத்துக்கு?”

“உங்களுக்கா தாறன்? புள்ளைக்குப் போடுறன்.”

பிள்ளையின் கையில் போட்டதைப் போட்டவரின் முன்னாலேயே கழற்றுவதென்றால், அவரை வாசலோடு திருப்பி அனுப்புவதை விட மோசம். உம்மா அதற்குள் தேநீர் ஊற்றப் போய்விட்டார்.

தேநீர் வருவதற்கு முன்னமே பக்கத்துப் படலையைத் திறந்துகொண்டு ஹாஜியாரின் மனைவி வந்தார். எங்கள் ஒழுங்கையில் ஒரு வாகனம் நின்றால் அடுத்த ஒழுங்கைக்குச் செய்தி போக அதிக நேரம் எடுக்காது. அவர் பிள்ளையின் கையைத்தான் முதலில் பார்த்தார்.

“மாஷா அல்லாஹ். ஆருகா போட்ட?”

உம்மா கண்ணால் காட்டினார்.

“நல்லம். வெளியூர்ல இரிந்து வந்து போட்டிரிக்காங்க. உள்ளூர்ல இரிக்கிற நமக்குத்தான் வெக்கம்.”

“வெளியூரா?” என்றார் இஞ்சினியரின் மனைவி. “இந்தப் புள்ளைட வாப்பாட ஊர், மாமி, அது.”

“வாப்பாட ஊர் எண்டா என்ன? புள்ள கிடந்து தூங்கிறது உம்மாட ஊட்டதானே.”

சொல்லிவிட்டு, “இந்தா வாறன்” என்று எழுந்து போனார். இஞ்சினியரின் மனைவி தேநீரை மெதுமெதுவாகக் குடித்தார். கோப்பை காலியாவதற்குள் ஹாஜியாரின் மனைவி கையில் சிவப்புப் பெட்டியோடு திரும்பி வந்தார். கடைத்தெருவுக்குப் போய் வந்த வேர்வை நெற்றியில் இருந்தது. பெட்டியிலிருந்து ஒரு சங்கிலியை எடுத்து மகளின் கழுத்தில் போட்டு, “இது பெரிசா ஒண்டுமில்ல” என்று வளையலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இரண்டு பேரும் காசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது ஒருவர், “அந்த விசயத்தக் கொஞ்சம் பாருங்க மச்சி” என்றார். மற்றவர், “மாமா ஒண்டும் கேக்கச் செல்லல்ல. நீ படிச்ச புள்ள, உனக்கே விளங்கும்” என்றார்.

செயலாளருக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். “தங்கச்சி, சத்தம் சரியாக் கேக்குதில்ல” என்றார். எனக்கு அவருடைய மூச்சுக்கூடக் கேட்டது. “நகையப் பத்தி எனக்கு ஒண்டும் தெரியா. வெள்ளிக்கிழம கூட்டத்தில சந்திப்பம்” என்று வைத்துவிட்டார்.

கணவர் வந்ததும் பிள்ளையைத் தூக்கினார். கழுத்தையும் கையையும் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“கழட்டிக் குடுத்திரு” என்றார். சற்று நேரத்தில், “குடுத்தா ரெண்டு பேரும் பகை” என்றார். பிறகு, “வெச்சிரிந்தா ரெண்டு பேருக்கும் கடன்” என்றார்.

“மச்சான், இஞ்சினியர் உங்கட பள்ளிக்கூடத்தப் பத்திக் கேட்டார்.”

“அத ஏன் இவ்வளவு நாளும் செல்லல்ல?”

சொன்னால் நீங்கள் பயப்படுவீர்கள் என்று சொல்லவில்லை என்றேன். “இப்ப மட்டும் தைரியமாவா இரிக்கன்?” என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அவர் என்னை இதைச் செய், அதைச் செய் என்று கட்டாயப்படுத்தவில்லை. அதற்காக இன்றும் அவருக்கு நன்றியோடு இருக்கிறேன். என்றாலும் அன்று, யாராவது கட்டாயப்படுத்தினால் நல்லது என்றுதான் இருந்தது.

நான் யோசித்தது இப்படி. தனித்தனியாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கலாம். முதலில் யாரிடம் போவது? ஹாஜியாரிடம் முதலில் போனால், இஞ்சினியரின் வளையல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது என்று கதை போகும். இஞ்சினியரிடம் முதலில் போனாலும் அப்படியே. திருப்புவதென்றால் ஒரே நேரத்தில், இரண்டு பேரும் பார்க்கத் திருப்ப வேண்டும். இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருப்பது வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு காரியாலயத்தில் நடக்கும் கூட்டத்தில் மட்டும்தான். நெருக்கடி வந்தால் என்ன செய்வது என்று மட்டும் யோசிக்காமல், எந்த இடத்தில், யார் முன்னால் செய்வது என்றும் யோசியுங்கள். நான் சரியாகச் செய்தது இந்தக் கதையில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மகளையும் தூக்கிக்கொண்டு போனேன். வளையலும் சங்கிலியும் அவள் மேல் இருந்தன. மூன்று வேட்பாளர்களும் செயலாளரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள்.

“என்னகா, புள்ளையும் கூட்டத்துக்கா?” என்றார் ஹாஜியார்.

“ஓம் மாமா. அவட விசயமும் ஒண்டு இரிக்கி.”

மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு போன இடம் தெரியவில்லை. “இந்த வளையல் இஞ்சினியர் சேர்ட ஊட்டாக்கள் போட்ட. இந்தச் சங்கிலி ஹாஜியார் மாமாட ஊட்டாக்கள் போட்ட. ரெண்டும் நான் பொதுக் காசுக்குப் பொறுப்பெடுத்த பொறகு வந்தது. இத கட்சிக்கு வந்த உதவி எண்டு எழுதிறதா, எப்படி எழுதிற எண்டு செல்லுங்க” என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

செயலாளர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இஞ்சினியர் ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் இஞ்சினியரைப் பார்த்தார். இரண்டு வீட்டிலிருந்தும் நகை போனது அவர்களுக்குத் தெரியும். அதை மேசையில் வைத்துக் கேட்பேன் என்று இருவரும் எதிர்பார்க்கவில்லை.

மாஸ்டர்தான் முதலில் வாய் திறந்தார். “எனக்கு ஒரு கிலுகிலுப்பை வாங்கவும் வசதியில்ல மகள். என்ட பேர எழுதிராதீங்க.”

யாரும் சிரிக்கவில்லை.

“இதென்ன பேச்சு” என்றார் இஞ்சினியர். “புள்ள பாக்கப் போன பொம்புளையள் போட்டது. அதுக்கும் கட்சிக்கும் என்ன?”

“அதுதானே” என்றார் ஹாஜியார். “அரசியல் ஒண்டுமில்ல. புள்ளைக்குத்தான்.”

அவர்கள் இரண்டு பேரும் அந்தத் தேர்தலில் ஒத்துப்போன ஒரே விசயம் இதுவாகத்தான் இருக்கும்.

இந்த இடத்தில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திருப்பிக் கொடுக்கத்தான் வந்தேன். அரசியல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இனித் திருப்பிக் கொடுத்தால் அன்பாகத் தந்ததை அவமதித்தவளாகிவிடுவேன். வைத்துக்கொண்டால் வந்த வேலை முடியாது. மகள் சங்கிலியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துத்தான் அந்த வார்த்தை வந்தது.

“அப்ப சரி சேர். சரி மாமா. இப்ப கொண்டு போங்க. எலக்சன் முடிஞ்ச பொறகு ராத்தாவும் மாமியும் வந்து போட்டா, என்ட புள்ள சந்தோசமாப் போட்டுக்கொள்ளுவா. புள்ள எங்கேயும் போகமாட்டாதானே.”

மேசையில் மகளை உட்கார வைத்து, வளையலையும் சங்கிலியையும் கழற்றி அவரவர் முன்னால் வைத்தேன். சங்கிலிக் கொக்கி லேசில் கழலவில்லை. மாஸ்டர் எழுந்து வந்து பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“மத்தது, நான் பாப்பம் எண்டு செல்லிரிந்தன். அது ஓம் இல்ல. மூணு பேரும் சம்மதிச்சாத்தான் காசு வெளிய வரும்.”

ஹாஜியார் சங்கிலியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “கெட்டிக்காரி” என்றார். பாராட்டுப் போல இல்லை. இஞ்சினியர் வளையலைத் தொடவில்லை. கூட்டம் முடிந்தபோது அவருடைய சாரதி எடுத்துக்கொண்டு போனார்.

பாலமுனையில் கூட்டு மேடை நடந்தது. மற்றவர் வந்து, தான் மட்டும் வராமல் போய்விடக் கூடாது என்ற பயத்தில் இரண்டு பேரும் நேரத்துக்கே வந்தார்கள். மாஸ்டர் தன் ஊரில், தன் ஆட்கள் முன்னால், நல்ல ஒலிபெருக்கியில் பேசினார். காசு, சொன்னபடி மூன்று பேரின் சம்மதத்தோடுதான் செலவானது.

இஞ்சினியர் வென்றார். ஹாஜியார் கொஞ்ச விருப்பு வாக்கில் தோற்றார். எங்கள் ஒழுங்கையில், நான் கணவனின் ஊருக்கு வேலை செய்துவிட்டேன் என்று கதை போனது. உம்மா கடைக்குப் போனால் தெரிந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். கணவருக்கு அடுத்த வருடம் தூரத்துப் பாடசாலைக்கு இடமாற்றம் வந்தது. ஆசிரியர் இடமாற்றம் வழமையாக வருவதுதான். அது வழமையானதா, அந்த வெள்ளிக்கிழமையினால் வந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் பயம். அவர் பஸ் பிடிக்கப் போகும் காலை நேரங்களில், பேசாமல் அந்தக் காசை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு இருந்திருக்கலாமோ என்று நினைத்ததும் உண்டு. அப்படி நினைக்காத ஆளாக நடிக்க விரும்பவில்லை.

தேர்தல் முடிந்து, தோரணங்கள் எல்லாம் கழற்றிய பிறகு ஒரு நாள், ஹாஜியாரின் மனைவி படலையைத் திறந்துகொண்டு வந்தார். தனியாக வந்திருந்தார். உம்மா பயத்தில் தேநீர் ஊற்ற மறந்து நின்றார். வந்தவர் கதிரையில் இருந்து, பிள்ளையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

“மகள், ஒண்டு கேக்கன். அந்தக் காச அவருக்குக் குடுத்திரிந்தா, அவர் வெண்டிரிப்பாரா?”

ஆறுதலாகச் சொல்ல எத்தனையோ பதில்கள் வாய்க்கு வந்தன. இல்லை மாமி, காசால் ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்லியிருக்கலாம். அது எனக்கும் நல்லதுதான்.

“தெரியா மாமி” என்றேன். “வெண்டிரிக்கவும் கூடும்.”

அவர் தலையை ஆட்டினார். பிள்ளையின் முடியை ஒதுக்கிவிட்டார்.

“நல்லம். தெரியா எண்டு செல்ல நீயாவது இரிக்காய். எங்கட ஊட்ட வாற எல்லாரும் தெரிஞ்ச மாதிரியே கதைக்காங்க.”

பிறகு உம்மாவைப் பார்த்து, சீனி குறைத்து ஒரு தேநீர் தரச் சொன்னார்.